ஒன்பது மணிக்கு இருநூற்றுப் பதினான்கு விரல்கள்

ஆகஸ்ட் 23, சனி

கணக்குப் பாடத்துக்காக வாங்கிய நோட்டு இது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு தேற்றம் எழுதினேன். அதற்கே நோட்டு சோர்ந்துவிட்டது. இனி இது என் டைரி.

இன்று அப்பா என்னை மாட்டிவிட்டார்.

அப்பா பெயர் முத்துக்காளை. அருப்புக்கோட்டையில் எங்கள் சங்கத்துத் திருமண மண்டபத்துக்குப் பத்தொன்பது வருடமாக மேனேஜர். தை மாத முகூர்த்த நாள்களுக்கான பதிவு ஆவணியிலேயே ஒரே நாளில் நடந்து முடிந்துவிடும். போன வருடம் பொழுது விடியுமுன்பே மண்டப வாசலில் செருப்பு, செங்கல், குடை, ஒரு குக்கர் மூடி என்று வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் மூன்றாவது இடத்தில் இருந்த குக்கர் மூடி ஒன்பதாவது இடத்தில் இருந்தது. யார் நகர்த்தியது என்று இன்றுவரை தெரியாது. இந்த டைரிக்கும் தெரியாது. அந்தத் தள்ளுமுள்ளில் சங்கச் செயலாளர் தனுஷ்கோடி அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடி உடைந்தது.

"இந்த வருசம் எல்லாம் கம்ப்யூட்டர்லதான்" என்று அண்ணாச்சி கமிட்டியில் சொன்னாராம். உடனே அப்பா எழுந்து, "எம் பொண்ணு சிந்துஜா பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்சு. பைதான்லாம் போடுவா அண்ணாச்சி" என்றிருக்கிறார்.

"பாம்பெல்லாம் எதுக்குய்யா கல்யாண மண்டபத்துக்குள்ள?"

"அது கம்ப்யூட்டர் பாஷை அண்ணாச்சி. நான் பொறுப்பு."

அம்மாவிடம் அப்பா இதைப் பெருமையாகச் சொன்னபோது அம்மா மாவரைக்கும் கிரைண்டரை நிறுத்தினாள். அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது.

"பைதான் படிச்சிருக்கா, சரி. பாஸ் ஆனாளான்னு கேட்டீகளா?"

ஆகஸ்ட் 25, திங்கள்

நாற்பத்தோரு வரியில் முடித்துவிட்டேன்! பைதானில், ஃபிளாஸ்க் என்ற வெப்சைட் கருவியை வைத்து. கல்யாண வீட்டார் போனில் தேதியைத் தொட்டால், 'அந்தத் தேதி காலியா?' என்று புரோகிராம் பார்க்கும். காலி என்றால் பெயரை எழுதும். ரசீது அனுப்பும். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு விளக்கினேன். "இதெல்லாம் சர்வர் பார்த்துக்குவாருப்பா."

"எந்தச் சர்வரு? நம்ம பந்தியில சாம்பார் ஊத்துற தவசியா?"

"அதே வேலைதான். கேக்குறவங்களுக்கு எடுத்துப் போடுறது. இவரு கொஞ்சம் சிந்தாம போடுவாரு."

அப்பாவுக்குத் திருப்தி.

நாற்பத்திரண்டாவது வரி என் கலைத்தாகத்துக்காக. தேதி காலியா என்று பார்த்த பிறகு, பெயரை எழுதுவதற்கு முன், புரோகிராம் மூன்று விநாடி சும்மா நிற்கும். அப்போது திரையில் வரும்: 'மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து பொறுக்கவும்.'

ஃபர்ஹானாவிடம் காட்டினேன். அவள் என் பெஞ்சுக்காரி. என் குறும்புகளில் பாதிக்குச் சாட்சி, மீதிக்குக் கூட்டாளி. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. ஃபர்ஹானா வீட்டுக்கு எடுத்துப்போன பன்னிரண்டு கொழுக்கட்டையில் ஒன்றில் மட்டும் பூரணத்துக்குப் பதில் பச்சை மிளகாய் வைத்தேன். கொடுத்த கையோடு அவள் அம்மா தட்டைத் திருப்பி என் பக்கம் நீட்டி, "நீ முதல்ல எடுத்துக்கம்மா" என்றார்கள். பன்னிரண்டில் ஒன்று. எனக்குத்தான் வந்தது.

ஆகஸ்ட் 30, சனி

ஒத்திகை. வகுப்பில் இருபது பேரை ஒரே சமயத்தில் தொடச் சொன்னேன். மானம் போயிற்று. இருபதாவது ஆளுக்கு ரசீது வர ஒரு நிமிடம் ஆனது.

காரணம் எளிது. சர்வரில் ஒரே ஒரு ஆள்தான் வேலை பார்க்கிறார். ஒருவரை முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். ஒவ்வொருவருக்கும் மாப்பிள்ளை மூன்று விநாடி குளிக்கிறார். இருபது மாப்பிள்ளை, அறுபது விநாடி.

"அந்த மாப்பிள்ளைய எந்திரிச்சு வெளிய வரச் சொல்லு" என்றாள் ஃபர்ஹானா. "ஒரு வரிய எடுத்தா முடிஞ்சுது."

ஜோக்கை எடுப்பதா? அதற்குப் பதில் ஆளைக் கூட்டினேன். ஒரு ஆள் இருந்த இடத்தில் எட்டு ஆள். எட்டு கவுன்டர், பதிவுப் புத்தகம் மட்டும் ஒன்று. இதற்கும் ஒரே வரிதான். இருபது பேருக்கும் ஒன்பதே விநாடியில் முடிந்தது. நான் ஒரு மேதை.

"எட்டுப் பேரும் ஒரே புத்தகத்துல எழுதுனா இடிச்சுக்க மாட்டாங்களா?" என்று ஃபர்ஹானா கேட்டாள். அன்று எல்லோரும் ஆளுக்கொரு தேதியைத் தொட்டிருந்தார்கள், யாரும் இடித்துக்கொள்ளவில்லை. அதனால் நான் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

'வரும் திங்கட்கிழமை காலை 8 மணி முதல் பதிவு' என்று நேற்றே வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். அப்பா இரண்டு நாளாக மண்டபத்தில் ஒரு கல்யாணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்று சாயங்காலம்தான் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"ஏம்மா, திங்கக்கெழம ஏழரை டு ஒம்பது ராகு காலம்மா! ஒருத்தன் தொட மாட்டான்."

"ஒம்பதுக்கு மேல தொடட்டும். கதவு தொறந்துதான இருக்கும்?"

"எல்லாரும் ஒம்பதுக்கே வருவாங்களே."

"வரட்டும்பா. எட்டு ஆள் போட்டிருக்கேன்."

செப்டம்பர் 1, திங்கள்

எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

மண்டப ஆபீசில் நானும் அப்பாவும் லேப்டாப் முன்னால். 8:00, யாருமில்லை. 8:10, ஒரே ஒரு ஆள்: வக்கீல் அறிவுக்கரசு. ராகு காலமாகப் பார்த்துத் தொட்டு, முகூர்த்தமே இல்லாத ஓர் அஷ்டமியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் குளியலை மூன்று விநாடி நிம்மதியாகப் பார்த்திருப்பார். அப்புறம் ஒன்பது வரைக்கும் ஈ கூட வரவில்லை.

ஆனால் ஊர் முழுக்கக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்பது அடித்தது. அடித்த அந்த நொடியில் இருநூற்றுப் பதினான்கு விரல்கள்.

ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. தனுஷ்கோடி அண்ணாச்சி போன் போட்டு, "மேனேஜரே, கண்ணாடி உடையாம ஒரு பதிவு நடந்தது சங்க வரலாத்துலயே இப்பத்தான்" என்றார். அப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

9:40க்கு மறுபடி அண்ணாச்சி. குரல் வேறு மாதிரி இருந்தது. தை இருபத்து மூன்றாம் தேதிக்கு இரண்டு பேர் ரசீது வைத்திருக்கிறார்கள்.

மதியத்துக்குள் ஐந்து தேதிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு ரசீது.

"எப்படிம்மா?" என்றார் அப்பா.

"சர்வர் பிரச்சினைப்பா."

"தவசி மாதிரி சிந்திட்டாராக்கும்" என்றார். சிரிக்கவில்லை. ரோஸ்மில்க் பாதியில் நின்றது.

செப்டம்பர் 2, செவ்வாய்

நல்ல செய்தி: ஐந்தில் நான்கு பிரச்சினையே இல்லை. அப்பா ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்துவிட்டு வந்தார். ஒரு தேதியில் கல்யாணப் பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் தனித்தனியாகத் தொட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் பெண் வீடு ஒரு ரசீது, மாப்பிள்ளை வீடு ஒரு ரசீது. இரண்டு வீடும் 'மண்டபம் எங்க பொறுப்பு' என்று சம்பந்தம் பேசும்போதே அடித்துக்கொண்டவர்களாம். மீதி இரண்டும் ஒரே குடும்பம்: ஆறு போனில் ஆறு பேர் தொட்டு, வேண்டிய தேதிக்கும் இரண்டு ரசீது, வேண்டாத ஒரு தேதிக்கும் இரண்டு ரசீது என்று பிடித்து வைத்திருந்தது, தை இருபத்தைந்து. அந்தக் கூடுதல் தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கெட்ட செய்தி: தை இருபத்து மூன்று. அது நிஜமாகவே இரண்டு கல்யாணம். ஒரு ரசீது இரும்புக்கடை சவுந்தரபாண்டியனிடம், மகன் கல்யாணத்துக்கு. மற்றது செண்பகம் டீச்சரிடம், மகள் கல்யாணத்துக்கு. செண்பகம் டீச்சர் என் கணக்கு டீச்சர். உலகத்தில் எத்தனையோ டீச்சர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் சாயங்காலம் மண்டபத்துக்கு வந்தார்கள்.

"அண்ணே, மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை. தை இருபத்தேழு கப்பலேறிருவாரு. ஜாதகத்துக்குப் பொருந்துற நாளு இது ஒண்ணுதான்" என்றார் டீச்சர். வகுப்பில் சாக்பீஸ் எறிபவரின் அதே குரல், இன்று கெஞ்சியது.

"எங்களுக்கு ஜோசியரு மூணு நாள் குடுத்தாரு, அதுல தலையான நாளு இது" என்றார் சவுந்தரபாண்டியனின் மனைவி ராஜாத்தி அக்கா.

சவுந்தரபாண்டியன் போனை மேசையில் வைத்தார். "என் ரசீதுல ஒம்பது மணி ரெண்டு விநாடி. டீச்சரம்மாவுது ஒம்பது மணி மூணு விநாடி. முந்துனது நானு. நான் ஏன் நகரணும்?"

அப்பா இரண்டு ரசீதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "தப்பு எங்க மேலதான்" என்றார். 'எங்க' என்றபோது என்னைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கணக்கு யூனிட் டெஸ்ட். டீச்சர் என்னைத் திட்டவே இல்லை. பயங்கரம்.

ஃபர்ஹானா, "அந்த நாப்பத்திரண்டாவது வரிய எடுத்துட்டியா?" என்று சம்பந்தமில்லாமல் எதையோ கேட்டாள். துவைத்த துணியை எடுக்க வேண்டியிருந்ததால் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கமிட்டியின் தீர்ப்பு வந்துவிட்டது. தேதி சவுந்தரபாண்டியனுக்கு. இல்லாத தேதிக்கு ரசீது கொடுத்ததற்காக, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அப்பா எல்லோர் முன்னாலும் மண்டபச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அண்ணாச்சியே வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் போனார்.

அப்பா பத்தொன்பது சிவப்புப் பதிவேடுகளையும் இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் வருடம் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். "அடுத்து வர்றவனுக்குத் தேடுறதுக்குச் சுளுவா இருக்கணும்ல" என்றார். நான் பசை தடவிக் கொடுத்தேன். பத்தொன்பது வருடம், ஒரு தேதியில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

மதுரை பஸ் வருவதைப் பார்த்தபடி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எங்கும் போவதற்கில்லை, வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் நிற்கும் முன்பே ஒருவர் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டைப் போட்டார். அப்புறம் நிதானமாக பீடியை அணைத்து, வாயைக் கொப்பளித்து, கடைசி ஆளாக ஏறினார். அவர் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

அவர் செய்தது சரி. முதலில் துண்டு, அப்புறம் மற்றதெல்லாம். என் புரோகிராமோ சீட்டு காலி என்று எட்டிப் பார்த்துவிட்டு, துண்டு போடாமல், மூன்று விநாடி குளிக்கப் போய்விடுகிறது. அதற்குள் அடுத்த கவுன்டர்க்காரர் எட்டிப் பார்க்கிறார். அவருக்கும் காலிதான். அவரும் குளிக்கப் போகிறார். இருவரும் வந்து ஒரே சீட்டில் உட்காருகிறார்கள்.

ஒரே ஒரு ஆள் வேலை பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. எட்டு ஆள் போட்டும் மூன்று விநாடி இல்லாமலிருந்தால் அநேகமாக நடந்திருக்காது. ஜோக்கைக் காப்பாற்ற ஆளைக் கூட்டினேன். இரண்டும் சேர்ந்தது.

எழுதிவிட்டேன். இனி டைரிக்குத் தெரியும்.

செப்டம்பர் 5, வெள்ளி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயில் பேஸ்ட் இருந்தால் உடனே திட்ட முடியாது என்று கணக்குப் போட்டேன்.

அப்பா துப்பினார். வாய் கொப்பளித்தார். முகம் துடைத்தார்.

"சிரிப்புக்காகவா?"

"ஆமாப்பா."

"யாரு சிரிச்சா?"

"ஃபர்ஹானா."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பினார். அம்மா மட்டும் கிரைண்டரை நிறுத்தினாள், ஆனால் பேசவில்லை. அது இன்னும் பெரிது.

சாயங்காலம் மாப்பிள்ளையைக் குளியலறையிலிருந்து விரட்டிவிட்டு, துண்டு போடும் வேலையை எழுதினேன். ஒரு தேதிக்கு ஒரு பெயர்தான். எட்டு ஆளில் யார் முதலில் கை வைத்தாலும் மற்ற ஏழு பேருக்கும் அங்கேயே பூட்டு. வகுப்பு ஆட்கள் இருபது பேரும் வீட்டிலிருந்தே ஒரே தேதியை ஒரே நொடியில் தொட்டார்கள். ஒரு ரசீது, பத்தொன்பது 'மன்னிக்கவும்'. ஐந்து தடவை செய்து பார்த்தோம். ஐந்து தடவையும் ஒன்றுதான்.

சரியாகிவிட்டது. ஆனால் நாலு நாள் தாமதமாக.

செப்டம்பர் 6, சனி

சர்வர் தானாக எழுதி வைத்திருக்கும் குறிப்பை இன்று முழுக்கப் படித்தேன். அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நேரம் இருக்கிறது: தொட்டவரைக் கவுன்டர் எடுத்துக்கொண்ட நேரம் (முதல் எட்டுப் பேருக்கு அதுதான் விரல் தொட்ட நேரம்), ரசீது போன நேரம். ரசீதில் அச்சாவது இரண்டாவது நேரம் மட்டும்தான். எல்லோருக்கும் இரண்டுக்கும் நடுவில் அச்சு அசலாக மூன்று விநாடி.

செண்பகம் டீச்சர்: தொட்டது ஒன்பது மணி, சுழியம் விநாடி. ரசீது மூன்றாவது விநாடி.

சவுந்தரபாண்டியன்: ரசீது இரண்டாவது விநாடி. தொட்டது எட்டு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மனிதர் ராகு காலத்தில் தொட்டிருக்கிறார்! ஒரே ஒரு விநாடி. என் மாப்பிள்ளைதான் குளிப்பாட்டி அவரை ராகு காலத்துக்கு வெளியே கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

ஓடிப்போய் ஃபர்ஹானாவிடம் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எருமை, சூப்பரா பண்ணிருக்க. எந்த எடத்துல மாத்துன?"

"மாத்தலடி! இருந்ததே இதான்!"

"சரி சரி. எங்கிட்டயுமா?"

"சத்தியமா!"

"சிந்து, உனக்கு இது எவ்வளவு தோதா இருக்குன்னு பாரு. இது உண்மைன்னா, உன் வாழ்க்கையிலயே ரொம்பப் பெரிய பொய் மாதிரி இருக்குற உண்மை இதுதான்."

அப்பாவிடம் தாளில் அச்சடித்துக் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"நீ இதுல கை வச்சியா?"

"இல்லப்பா" என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கூட்டம். மண்டபத்திலேயே. மேடையில் மேசை, மேசையில் சாவிக்கொத்து. அப்பா அதை நேராக்கி நேராக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி ஆரம்பிக்குமுன் நான் எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை குளியல், மூன்று விநாடி, எட்டு ஆள், சர்வர் குறிப்பு, எட்டு ஐம்பத்தொன்பது.

அப்புறம் கூட்டம் முழுக்கச் சிரிப்பு!

"அப்பனக் காப்பாத்த புள்ள என்னமாக் கதை கட்டுது பாரு" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அண்ணாச்சி, இவள நம்பாதீங்க" என்றார் செண்பகம் டீச்சர். இந்தக் கதையால் லாபமடையப் போகிறவரே அவர்தான். "போன மாசம் ஹெச்.எம். குரல்ல ஸ்டாஃப் ரூமுக்குப் போன் போட்டு, எங்க எல்லாருக்கும் அரை நாள் லீவு விட்டவ இவ. நான் வீடு வரைக்கும் போயிட்டேன்."

சவுந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. "என் நேரத்த மாத்தி எழுதிட்டு, அதயே சாட்சியா வேற கொண்டாருதா? யாருகிட்ட?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தின் முன்னால் உண்மையை மட்டும் பேசியிருக்கிறேன். ஒருவர்கூட நம்பவில்லை. உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியவில்லை.

அப்பா மைக்கை எடுத்தார். மடித்த தாளைப் பிரித்தார். கல்யாணத்தன்று மொய் எழுத வந்தவர்களைக் கூப்பிடும் அதே சமமான குரலில், வக்கீல் அறிவுக்கரசு தொடங்கி ஒவ்வொரு பெயராக, தொட்ட நேரம், ரசீது நேரம், தொட்ட நேரம், ரசீது நேரம் என்று வாசித்தார். பத்து பெயர் தாண்டியதும் பின்வரிசையில் ஒருவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "மூணு... மூணு... இதுவும் மூணுதான்யா." சவுந்தரபாண்டியன் பெயருக்கு மட்டும் அப்பா குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"தப்பு எங்க வீட்டுல நடந்தது. சாவி இங்க இருக்கு, எடுத்துக்கங்க" என்றார். "ஆனா இந்தத் தாள்ல இருக்குறது நெசம். பத்தொம்போது வருசம் நான் எழுதுனதுக்கு எப்படியோ, இதுக்கும் அப்படி. நான் பொறுப்பு."

ராஜாத்தி அக்கா எழுந்தார். புருஷனைப் பார்த்தார்.

"நீங்க எதப் பாத்துத் தொட்டீக?"

"கடைக் கடியாரத்தப் பாத்துத்தான்..."

"அது முந்தி ஓடுதுன்னு எத்தன மட்டம் சொன்னேன்? ரிப்பேருக்குக் குடுங்கன்னு எத்தன மட்டம் சொன்னேன்?"

"ஒரு விநாடி, ராஜாத்தி."

"ஒரு விநாடின்னாலும் ராகு காலம் ராகு காலந்தான். என் மகன் கல்யாணத்த அதுலயா பதிவீக?" மேடைப் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்தத் தேதி எங்களுக்கு வேணாம். அந்த இருபத்தஞ்சு இன்னும் காலியாத்தான இருக்கு? ஜோசியரு சொன்ன மூணுல அதுவும் ஒண்ணு. இப்ப நேரம் நல்லாருக்கா?"

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லாருக்கும்மா."

ராஜாத்தி அக்காவே தொட்டார், புருஷனை நம்பாமல். குளியல் இல்லை. தொட்டதும் ரசீது.

செண்பகம் டீச்சர் என்னருகில் வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். என் தலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டெஸ்டுல பதினேழு மார்க் வாங்கிருக்க, நாயே" என்றார்.

அண்ணாச்சி சாவிக்கொத்தை எடுத்தார். கையில் எடை பார்ப்பதுபோல் குலுக்கினார்.

"உங்க வார்த்தைய நம்பி அந்தம்மா தலையான நாளையே விட்டுக் குடுத்துட்டுப் போகுது. இன்னொரு மேனேஜருக்கு நான் எங்க போவேன்? பிடிங்க." அப்புறம் என்னைக் கையால் சுட்டி, "இந்தப் புள்ள மட்டும் அடுத்த வருசம் எல்லாத்தையும் முதல்ல எனக்குக் காட்டணும். ஜோக்கையும் சேத்து" என்றார்.

திரும்பி வரும்போது மொபெட்டில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சொக்கலிங்கபுரம் தாண்டியதும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்பா, டீச்சர் நம்பல. ஃபர்ஹானாவே நம்பல. நீங்க மட்டும் எப்படிப்பா நம்புனீங்க?"

அப்பா வேகத்தைக் குறைத்து, ஒரு மாட்டு வண்டிக்கு வழிவிட்டார்.

"நீ பொய் சொன்னா நல்லா வாய் நெறையச் சொல்லுவம்மா, ஒரு பிசிறு இருக்காது" என்றார். "நேத்து அந்த 'இல்லப்பா'வச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ நாலு தடவ திக்குன."